பவர் ஸ்டீரிங் இல்லாத மினி டிராக்டரில் முன்பக்க லோடர்: புதிதாக ஓட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

மினி டிராக்டருக்கு, எருவையும் மணலையும் பக்கெட்டால் அள்ளித் தூக்கும் லோடர் பொருத்திய எவரும் முதல் நாளிலேயே சொல்லும் குறை, பக்கெட் நிரம்பியதும் ஸ்டீரிங் திரும்ப மறுக்கிறது என்பதுதான். பலர் இதற்குக் கைபலம் போதவில்லை என்று எண்ணி, நின்ற இடத்திலேயே இரு கைகளாலும் ஸ்டீரிங்கை இழுத்துத் தோள்வலியைத் தேடிக்கொள்கிறார்கள்; சில மாதங்களில் ஸ்டீரிங் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் டை ராடுகளின் முனைகளும், முன் சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னின் புஷ்களும் தேய்ந்து, செலவும் வந்து சேர்கிறது. எடை எங்கே போய் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு, ஸ்டீரிங்கை எப்போது எப்படித் திருப்ப வேண்டும் என்ற ஒழுங்கைப் பழகிக்கொண்டால், சாதாரண உடல்வாகு உள்ள ஒருவர் நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்யலாம்.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது 15 முதல் 20 குதிரைத்திறன் வரையிலான, மெக்கானிக்கல் ஸ்டீரிங் (கைவிசையால் மட்டுமே திரும்புவது) கொண்ட சிறு டிராக்டர்களை. ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215, வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180டி போன்றவை நம் ஊர்த் தோட்டங்களில் பழகிப்போன பெயர்கள். வேலைக்கு எடுத்துக்காட்டாகத் தென்னந்தோப்பில் எரு இடுவதை எடுத்துக்கொள்கிறேன். ஜே.சி.பி. நுழைந்தால் வரப்பும் சொட்டுநீர்க் குழாயும் நாசமாகும் இடத்தில்தான் இந்தச் சிறு லோடருக்கு உண்மையான பயன் இருக்கிறது.

எடைக் கணக்கு

800 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் முன், பின் அச்சுகளுக்கு இடையே 1.5 மீட்டர் தூரம் இருப்பதாகவும், எடையில் 320 கிலோ முன் சக்கரங்களிலும் 480 கிலோ பின் சக்கரங்களிலும் இறங்குவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் எடையைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதில் 120 கிலோ லோடரைப் பொருத்தி, முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் பக்கெட்டில் 100 கிலோ எருவை ஏற்றினால், முன் சக்கரங்களின் மீது ஏறத்தாழ 640 கிலோ இறங்கும். அதாவது பாரம் இரட்டிப்பாகிவிட்டது. பின் சக்கரங்களிலோ 480 கிலோ இருந்த இடத்தில் 380 கிலோதான் மிஞ்சும். கிணற்றுத் துலாவின் நுனியில் தொங்கும் வாளியைப் போல, பக்கெட்டில் உள்ள 100 கிலோ முன் அச்சுக்கு 100 கிலோவாகத் தெரிவதில்லை. 165 கிலோவுக்கு மேல் தெரிகிறது, கூடுதலாக வந்த அறுபத்தைந்து கிலோ பின்பக்கத்திலிருந்து தூக்கப்பட்டது. மீதி உயர்வு லோடரின் சொந்த எடையால் வருவது.

இந்த ஒரு கணக்கிலிருந்தே ஸ்டீரிங் கனப்பது, பின் சக்கரம் வழுக்குவது, பிரேக் பிடிக்காமல் போவது ஆகிய மூன்றும் வருகின்றன. ஆகவே தீர்வும் மூன்றுக்கும் பொதுவானது: பின்னால் எடை சேர்க்க வேண்டும்.

எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பின் டயருக்குத் தண்ணீர் அடிப்பது நல்லதுதான். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அந்த மட்டம் வரை நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு நிரம்பும், பிடிமானமும் கூடும். ஆனால் அந்த எடை பின் அச்சின் மீதே உட்காருவதால், முன் சக்கரங்களிலிருந்து ஒரு கிலோவைக்கூட அது குறைக்காது. ஸ்டீரிங் இலகுவாக வேண்டுமானால், எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்க வேண்டும். டிராக்டரின் பின்னால் கருவிகளை மாட்டும் மூன்று முனை இணைப்பில், அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால், 150 கிலோ எடையை மாட்டினால் முன்பக்கப் பாரம் 640 கிலோவிலிருந்து 565 கிலோ அளவுக்கு இறங்கும். பின் சக்கரங்களில் 600 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு பக்கமும் 40 சென்டிமீட்டர் கொண்ட ஒரு கான்கிரீட் கட்டி ஏறத்தாழ 150 கிலோ இருக்கும். கட்டியை வார்க்கும்போதே கீழ் இணைப்புகளுக்கான பின்னையும் மேல் இணைப்பான டாப் லிங்க் மாட்டும் துளையுள்ள பட்டையையும் உள்ளே வைத்து வார்த்துவிடலாம். கீழ் இணைப்புகளின் பக்க ஆட்டத்தைத் தடுக்கும் செக் செயினை இறுக்கி, கான்கிரீட் கட்டி பக்கவாட்டில் ஆடாதபடி தரையிலிருந்து தாழ்வாகவே வைத்திருங்கள். ரோட்டவேட்டர் இருந்தால் அதையே பி.டி.ஓ. (என்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) இணைக்காமல் மாட்டிக்கொள்ளலாம் என்றாலும், அகலம் காரணமாக மரத்தையோ குழாயையோ உரசும் என்பதால் தோப்புக்குள் கான்கிரீட் கட்டியையே நான் விரும்புவேன்.

வண்டியில் ஏறுவதற்கு முன்

முன் டயரின் காற்றை முதலில் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் தரையில் அகலமாகப் படிந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தேய்ந்துகொண்டே திரும்பும். அந்த உராய்வு முழுவதும் உங்கள் கைக்குத்தான் வரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், அதற்கு நெருக்கமாக, டயர் குளிர்ந்திருக்கும் நேரத்தில் காற்றடியுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

அடுத்தது கிரீஸ். கிங் பின், டை ராடு முனைகள், முன் அச்சின் நடு பின், லோடரின் ஒவ்வொரு மூட்டு ஆகிய எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். கிங் பின்னுக்கு அடிக்கும்போது மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கையில் பாரம் தாங்கும் முகங்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருப்பதால் கிரீஸ் பக்கவாட்டில் ஓடிவிடும். முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே முட்டுக்கொடுத்து, சக்கரத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே அடித்தால்தான் தேவையான இடத்தில் கிரீஸ் சேரும். லோடர் உள்ள வண்டிக்கு இதை உழவு வண்டியைவிட அடிக்கடி செய்ய வேண்டும். சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஒரு கையால் மேலும் மறு கையால் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென ஆடினால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஸ்டீரிங் பாக்ஸில் எண்ணெய் மட்டத்தையும், கையேட்டில் சொல்லப்பட்ட எண்ணெய்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோடரின் சட்டம் எங்கே பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குனிந்து பார்க்க வேண்டும். முன் பம்பர் தாங்கியில் மட்டும் போல்ட் போட்டு நிறுத்திய லோடர் ஆபத்தானது. சட்டம் டிராக்டரின் உடல் நீளத்துக்கு ஓடி, பின் அச்சுவரை பிணைக்கப்பட்டிருந்தால்தான் குத்தும் விசை ஓரிடத்தில் சேராமல் பரவும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கும் என்று சந்தேகப்பட்டால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

காலி பக்கெட்டில் பழகுதல்

முதலில் சமதளமான காலி இடத்தில், பக்கெட்டில் எதுவும் இல்லாமல், முழங்கால் உயரத்துக்கும் கீழே வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள். இந்தப் பயிற்சியில் கைக்குப் படிய வேண்டிய முதல் பழக்கம், சக்கரம் உருளத் தொடங்கிய பிறகே ஸ்டீரிங்கைத் திருப்புவது. நிற்கும் டயரைத் திருப்பும்போது அதன் ரப்பர் முழுவதும் தரையில் அரைபட வேண்டும். உருளும் டயரோ ஒவ்வொரு கணமும் புதிய இடத்தில் ஊன்றுவதால், அதே திருப்பத்துக்கு மிகச் சிறிய விசை போதும். ஓர் அடி தூரம் நகர்ந்தாலே வித்தியாசம் கையில் தெரியும். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி அசைந்த பின் திருப்புங்கள். நிறுத்துவதற்கு முன்பே சக்கரத்தை நேராக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை புறப்படும்போது கனத்த ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

இரண்டாவது பழக்கம் கைகளைப் பற்றியது. பெரும்பாலான லோடர்களில் லீவர் வலக்கைப் பக்கம் இருக்கும். பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியில் இடக்கையால் திருப்பிக்கொண்டே வலக்கையால் பக்கெட்டைத் தூக்கலாம். இந்த வண்டியில் அதைச் செய்ய முயலக் கூடாது. ஒரு கையால் போதிய பிடி கிடைக்காது என்பதோடு, முன் சக்கரம் ஒரு கல்லில் இடித்தால் ஸ்டீரிங் அந்த ஒற்றைக் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழலும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்: திருப்பும்போது இரு கைகளும் ஸ்டீரிங்கில், தூக்கும்போது வண்டி நேராகவோ நின்றோ இருக்க வேண்டும். முதலில் மந்தமாகத் தோன்றும் இந்த முறை, பழகிய பின் அவ்வளவு தாமதமாவதில்லை.

கட்டை விரலை ஸ்டீரிங் வளையத்துக்குள் சுற்றிப் பிடிக்காதீர்கள். மற்ற விரல்களோடு வெளிப்புறமாகவே வைத்துப் பிடியுங்கள். மெக்கானிக்கல் ஸ்டீரிங்கில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இடி நேராகக் கைக்கு வரும். சட்டென்று சுழலும் ஸ்டீரிங்கின் குறுக்குக் கம்பி கட்டை விரலை மடக்கி ஒடித்துவிடக்கூடும். இதே காரணத்துக்காக, ஒரு கையால் சுழற்றுவதற்கென்று ஸ்டீரிங் வளையத்தில் பொருத்தும் உருண்டைக் கைப்பிடியும் இந்த வண்டிக்கு வேண்டாம். இடி வாங்கிச் சுழலும்போது அது மணிக்கட்டையோ விலாவையோ தாக்கும்.

பக்கெட்டை நிரப்புதல்

எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பக்கெட்டின் கொள்ளளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். எடையை வைத்து முடிவு செய்யுங்கள். பத்தில் ஒரு கன மீட்டர் பிடிக்கும் பக்கெட்டில் நன்கு மக்கி உலர்ந்த எரு 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். அதே பக்கெட்டில் ஈரமணல் 150 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே எருவுக்கு முழு பக்கெட், மணலுக்கு அரை பக்கெட் என்று வைத்துக்கொள்வது நல்லது. லோடர் தூக்குகிறது என்பதால் முன் அச்சும் தாங்கும் என்று பொருளில்லை. இரு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளின் முன் அச்சு இலகுவானது. அவற்றில் 100 கிலோவுக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

குவியலை நோக்கி நேராக வாருங்கள். பக்கெட்டின் அடித்தட்டைத் தரைக்கு இணையாக வைத்து, முன் சக்கரங்களை நேராக வைத்துக்கொண்டு, முதல் கியரில் உள்ளே நுழையுங்கள். வேகமாக மோதி நுழைவதால் எதுவும் அதிகம் கிடைக்காது. அந்த அடி லோடர் மூட்டுகளுக்கும் முன் அச்சுக்கும்தான் போகும். பக்கெட் பாதி நுழைந்ததும் அதைச் சற்றுப் பின்னோக்கி மடக்கி, கொஞ்சம் தூக்கி, மீண்டும் மடக்குங்கள். பின் சக்கரம் சுழன்று வழுக்கத் தொடங்கினால் முடுக்காதீர்கள். பக்கெட்டைச் சற்றுத் தூக்கினால் தடை குறையும், இல்லையென்றால் பின்வாங்கி மறுபடி நுழையலாம். பக்கெட் குவியலுக்குள் இருக்கும்போது ஸ்டீரிங்கைத் திருப்பவே கூடாது. பக்கெட்டின் ஒரு மூலையால் மட்டும் குத்துவதும் கூடாது, ஏனெனில் அது லோடர் கைகளை முறுக்கி வளைத்துவிடும்.

நிரம்பியதும் பக்கெட்டை முழுவதுமாக மடக்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி, நேராகப் பின்னால் வாருங்கள். பக்கெட் குவியலைவிட்டு முழுமையாக வெளிவந்து வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே திருப்பத்தைத் தொடங்குங்கள்.

தோப்புக்குள் எடுத்துச் செல்லுதல்

தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டு நட்டிருந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும். காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ எரு என்பது பரிந்துரை. ஆக, ஒரு பக்கெட் மக்கிய எரு ஒரு மரத்துக்குச் சரியாக இருக்கும். ஏக்கருக்கு எழுபது நடை. எழுபது நடையிலும் திருப்பங்கள் எத்தனை என்பதுதான் உங்கள் தோளின் நிலையை முடிவு செய்யும். எருவை ஒரே மூலையில் கொட்டிவைத்தால் ஒவ்வொரு நடைக்கும் குறைந்தது இரண்டு முழுத் திருப்பங்கள் பாரத்தோடு செய்ய வேண்டிவரும். டிரெய்லரில் எரு வரும்போதே, வரிசை ஒன்றுக்கு ஒரு குவியல் என்று வரிசைகளின் தலைப்பில், நடுச் சாலுக்கு நேராகக் கொட்டச் சொல்லுங்கள். அப்போது லோடர் நிரம்பிப் பின்வாங்கி, குவியலைச் சுற்றி ஒரு சிறு வளைவில் வந்து, பிறகு வரிசை முழுவதும் நேராகப் போகும். பெரிய திருப்பம் எல்லாம் காலி பக்கெட்டோடு திரும்பி வரும்போதுதான். ஒரு நாள் முன்னதாகக் குவியலை எங்கே போடுவது என்று யோசிப்பதால் மிச்சமாகும் உழைப்பு மிகப் பெரிது. புதியவர்கள் இதில் கவனம் செலுத்துவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

பாரத்தோடு திரும்பியே ஆக வேண்டிய இடத்தில், அகலமாக வளைத்துத் திரும்புங்கள். இடம் போதவில்லை என்றால் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை நகர்ந்து, ஒவ்வொரு நகர்விலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பின் சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் உள்ள வண்டியில், திரும்பும் பக்கத்துப் பிரேக்கை மெதுவாக அழுத்தினால் ஸ்டீரிங்கின் வேலை குறையும். பின்னால் எடை கட்டியிருந்தால்தான் இது நன்றாக வேலை செய்யும். பக்கெட் தாழ்வாக இருக்கும்போது, நடக்கும் வேகத்தில் மட்டுமே இதைச் செய்யலாம். பக்கெட் உயரத்தில் இருக்கையில் ஒற்றைப் பிரேக் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் சாயும். சாலைக்கு வருமுன் இரு பிரேக் பெடல்களையும் பூட்டி இணைத்துவிடுங்கள்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால், கெட்டியான தரையில் அதை விடுவித்து ஓட்டுங்கள். போட்டிருந்தால் ஸ்டீரிங் இன்னும் கனக்கும். சேற்றிலும் சரிவிலும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரிவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நிறைந்த பக்கெட்டோடு மேட்டில் ஏறும்போது முன்னோக்கி ஏறுங்கள். இறங்கும்போது பின்னோக்கி இறங்குங்கள். இரண்டிலும் பாரம் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். முன்னோக்கி இறங்கினால் எடை முழுவதும் முன் சக்கரத்துக்குப் போய், பிரேக் உள்ள பின் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், ஸ்டீரிங்கும் இரும்பாய் இறுகும். சரிவுக்குக் குறுக்கே பாரத்தோடு போகவே வேண்டாம்.

கொட்டுதல்

மரத்தின் அடியிலிருந்து ஆறு அடி ஆரத்தில் இருக்கும் வட்டப் பாத்தியில்தான் எரு சேர வேண்டும். ஆனால் வண்டியைப் பாத்திக்குள் விடாதீர்கள். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன, முன் சக்கரத்தில் ஏறியிருக்கும் பாரம் மண்ணை இறுக்கிவிடும். பாத்தியின் விளிம்பில் நின்று, நேராக நின்ற நிலையில், பக்கெட்டைத் தாழ்வாகவே வைத்துக் கவிழ்த்துவிட்டு, மண்வெட்டியால் பரப்பிக்கொள்ளலாம்.

டிரெய்லரில் ஏற்றுவதற்காக உயரத் தூக்க வேண்டியிருந்தால், டிரெய்லரை நேராக எதிர்கொண்டு நின்ற பிறகே தூக்குங்கள். கைகள் உயர உயர, பக்கெட் தானாகவே ஓட்டுநரை நோக்கி மடங்கும். தானாகச் சமன்படுத்தும் அமைப்பு சிறு லோடர்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. கல்லோ மரத்துண்டோ பக்கெட்டில் இருந்தால் அது கைகளின் வழியே உருண்டு ஓட்டுநரின் மடிக்கு வந்துவிடும். எனவே தூக்கும்போதே பக்கெட்டை இடையிடையே முன்னோக்கிச் சரித்துச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முன்னதாகவே பாருங்கள். உயர்ந்திருக்கும் பக்கெட்டின் கீழ் ஒருவரும் போகக் கூடாது. காய் பறிக்கவோ மட்டை வெட்டவோ ஆளைப் பக்கெட்டில் ஏற்றித் தூக்குவது உயிரோடு விளையாடுவது.

சக்கரம் திரும்பிய நிலையில் மாட்டிக்கொண்டால்

சில நேரம் சுவரோரத்திலோ வாய்க்கால் ஓரத்திலோ நகர இடமில்லாமல், சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பிய நிலையில் நின்றுவிடும். அப்போது ஸ்டீரிங்கில் தொங்க வேண்டாம். பக்கெட்டில் உள்ளதை அங்கேயே இறக்கிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பக்கெட்டின் அடித்தட்டு தரையில் சமமாகப் படியும்படி வைத்து, லீவரை மெல்லக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பக்கெட் தரையை அழுத்த அழுத்த முன் சக்கரங்களிலிருந்து பாரம் விலகும். டயரின் வயிற்றுப் பிதுக்கம் நிமிர்வது கண்ணுக்கே தெரியும். அந்த அளவில் நிறுத்தினால் போதும், சக்கரம் காற்றில் தொங்க வேண்டியதில்லை. இப்போது ஸ்டீரிங்கை விரும்பிய பக்கம் எளிதாகத் திருப்பி, பக்கெட்டை மெதுவாகத் தூக்கி விடுங்கள். கீழ்நோக்கியும் எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் சிலிண்டர் உள்ள லோடர்களில் மட்டுமே இது நடக்கும். தன் எடையால் மட்டும் இறங்கும் லோடரில் நடக்காது.

வேலை முடிந்த பின்

பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் ஒருமுறை அசைத்து எஞ்சிய அழுத்தத்தை விடுவித்துவிட்டு, சாவியை எடுங்கள். முன் சக்கர நட்டுகளையும் லோடர் சட்டத்தின் போல்ட்டுகளையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். முதல் சில நாட்களில் இவை தளர்வது வழக்கம். வெல்டிங் உள்ள மூலைகளில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று துடைத்துப் பாருங்கள். வண்டியைச் சாலையில் தொலைவாக ஓட்டிப்போக வேண்டியிருந்தாலோ உழவுக்கு எடுக்க வேண்டியிருந்தாலோ லோடரைக் கழற்றிவைத்துவிடுவது நல்லது. தேவையில்லாத நாட்களிலும் அந்த 120 கிலோவைக் கிங் பின் ஏன் சுமக்க வேண்டும்?

ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே லோடர் வேலை என்றால் மேலே சொன்ன முறையே போதும். மாட்டுப்பண்ணை போலத் தினமும் சாணம் அள்ள வேண்டிய இடமாக இருந்தால், ஹைட்ராலிக் ஸ்டீரிங்குக்கு மாற்றுவதைப் பற்றி டிராக்டர் மெக்கானிக்கிடம் பேசுங்கள். வண்டியின் பம்ப் ஒன்றே லோடருக்கும் ஸ்டீரிங்குக்கும் எண்ணெய் தர வேண்டியிருக்கும். எனவே பம்பின் அளவு போதுமா, லோடர் தூக்கும் நேரத்தில் ஸ்டீரிங்குக்கு முதலில் எண்ணெய் கொடுக்கும் வால்வு பொருத்துகிறார்களா என்ற இரண்டையும் கேட்டுத் தெளிந்த பிறகு பணம் கொடுங்கள். மாற்றினாலும் முன் அச்சில் இறங்கும் பாரம் அப்படியேதான் இருக்கும் என்பதால், பின்னால் தொங்கும் கான்கிரீட் கட்டியைக் கழற்ற வேண்டாம்.